உலகக் கோப்பைக்கு ஒரு ஸ்டேடியம் எப்படி ரெடியாகுது? கொச்சியில் நடந்தது என்ன... சேலம், நாமக்கல்லில் நடக்குமா?

2022-ல் கத்தாரில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில் இந்தியா ஆடவில்லை. ஆனா நாமக்கல் முட்டை போச்சு. மேட்ச் பார்க்க வந்து குவிந்த ரசிகர்களுக்குச் சாப்பாடு போடணுமே! அந்த சீசனில் நாமக்கல்லில் இருந்து கத்தாருக்குப் போகும் முட்டை கூடியது நம்ம பக்கம் பெரிய செய்தி. முட்டை மட்டுமா போச்சு, ஆளும் போனாங்க. அங்கே ஸ்டேடியம், ரோடு, ஹோட்டல் கட்டிய தொழிலாளர்களில் இந்தியர்கள் ஏராளம். அதில் தமிழர்களும் உண்டு.

இப்போது 2026 உலகக் கோப்பை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடுகள், 48 அணிகள், 104 போட்டிகள், 16 ஸ்டேடியங்கள். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. இந்த நேரத்தில் எல்லாருக்கும் வரும் சந்தேகம் ஒன்று: ஒரு ஸ்டேடியத்தை உலகக் கோப்பைக்கு ரெடி பண்றதுன்னா என்னதான் பண்றாங்க? பெயின்ட் அடிச்சு, நாற்காலி போட்டு, லைட் போட்டா முடிஞ்சுதா?

இதைப் புரிஞ்சுக்க தோஹா வரை போக வேண்டாம். சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஈரோடு, கோவை, பாலக்காடு, திருச்சூர் தாண்டி எர்ணாகுளம். அங்கே கலூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்தான் இதுவரை உலகக் கோப்பை பெயரில் கால்பந்து நடந்த இடங்களில் நமக்கு மிகப் பக்கம். சுமார் 350 கிலோமீட்டர்.

இந்தியாவில் எப்போது நடந்தது?

2017 அக்டோபர் 6 முதல் 28 வரை. 17 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் உலகக் கோப்பை. 24 அணிகள், 52 போட்டிகள். போட்டியை நடத்தும் உரிமை இந்தியாவுக்குக் கிடைத்தது 2013 டிசம்பரில். அதாவது தயாராக கிட்டத்தட்ட நாலு வருஷம் இருந்தது.

டெல்லி, கொல்கத்தா, நவி மும்பை, கொச்சி, குவாஹாட்டி, கோவாவின் மட்காவ் என ஆறு ஊர்களில் ஆட்டம். தமிழ்நாட்டுக்கு ஒன்று கூட இல்லை. ஆறில் எதுவும் இந்தப் போட்டிக்காகப் புதிதாகக் கட்டியது கிடையாது. எல்லாமே ஏற்கெனவே இருந்ததை மேம்படுத்தியதுதான்.

மொத்தம் 13,47,133 பேர் ஸ்டேடியத்துக்கு வந்து பார்த்தார்கள். 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை வரலாற்றில் அதுவரை இல்லாத கூட்டம். இறுதிப் போட்டியில் இங்கிலாந்து 5-2 என ஸ்பெயினை வென்றது. இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஆனா டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக மணிப்பூர் பையன் ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்டது, ஃபிஃபா உலகக் கோப்பை எதிலுமே இந்தியா அடித்த முதல் கோல்.

கொச்சியில் நாற்காலி ஏன் குறைஞ்சது?

ஸ்டேடியத்தை மேம்படுத்தினால் இருக்கை கூடும்னுதான் நினைப்போம். கொச்சியில் நடந்தது நேர் எதிர்.

1996-ல் திறக்கப்பட்ட இந்த ஸ்டேடியம் கொச்சி பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தம். 2016 டிசம்பரில் ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியை இங்கே 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மஞ்சள் ஜெர்சி கூட்டம், கேலரியே தெரியாது. அடுத்த பத்தே மாதத்தில் அதே ஸ்டேடியத்துக்கு ஃபிஃபா வந்து, முதலில் 41 ஆயிரம் சொச்சம் பேர், அப்புறம் 29 ஆயிரம் பேர்தான் என்று வரம்பு போட்டது.

காரணம், வெளியே வர்ற வழி. உலக அளவில் ஸ்டேடியம் டிசைன் செய்பவர்கள் முதலில் போடும் கணக்கு, எத்தனை பேர் உட்காரலாம் என்பதல்ல. ஆட்டம் முடிஞ்சதும், அல்லது தீ விபத்து மாதிரி ஏதாவது நடந்தால், எத்தனை பேர் எத்தனை நிமிஷத்தில் வெளியே போக முடியும் என்பதுதான். பிரிட்டனில் பின்பற்றப்படும் பாதுகாப்பு வழிகாட்டியில் சாதாரண நேரத்தில் வெளியேறவே 8 நிமிஷம்தான் உச்சவரம்பு. படிக்கட்டு அகலம், கேட் எண்ணிக்கை, கேட் எந்தப் பக்கம் திறக்கும், மேல் அடுக்கில் இருப்பவர் எத்தனை முறை திரும்பி இறங்கணும், எல்லாம் கணக்கில் வரும். அந்தக் கணக்கில் பாஸ் ஆகிற அளவுக்குத்தான் டிக்கெட் விற்க முடியும். மிச்ச கேலரி காலியாகவே இருக்கணும்.

நம்ம ஊர் கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், சினிமா விழா எதிலும் இந்தக் கணக்கை யாரும் போட்டு நாம பார்த்ததில்லை என்பது வேற விஷயம்.

இன்னொரு சிக்கல், கடைகள். கலூர் ஸ்டேடியத்தின் கேலரிக்கு அடியிலேயே வரிசையாகக் கடைகள், அலுவலகங்கள், ஹோட்டல்கள். வாடகைதான் ஆணையத்துக்கு வருமானம். வருஷத்தில் சில நாள்தான் மேட்ச் நடக்கும், மற்ற நாளில் ஸ்டேடியத்துக்குச் சோறு போடுவது அந்தக் கடைகள்தான். ஆனா பாதுகாப்பு பார்வையில், ஆயிரக்கணக்கான ரசிகர்களுக்கு அடியில் சமையல் அடுப்பும் கேஸ் சிலிண்டரும் இருக்கலாமா? கூடாது என்றது ஃபிஃபா. போட்டி முடியும் வரை கடைகளை மூடச் சொன்னார்கள். கடைக்காரர்கள் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். கடைகள் மூடப்பட வேண்டும், ஆனால் அவர்களுக்கு இழப்பீடு தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சுமார் ஒரு மாதம் ஷட்டர் இறங்கியது.

பிரேசிலும் ஸ்பெயினும் மோதும் மேட்ச் ஊருக்கு வருவது பெருமைதான். அந்த ஒரு மாத வியாபாரம் போன டீக்கடைக்காரருக்கும், அவரிடம் வேலை பார்த்தவருக்கும் அது வேற கணக்கு. பெரிய போட்டி எந்த ஊருக்கு வந்தாலும் இப்படி ஒரு கூட்டம் ஓரமாக நிற்கும். டிவியில் அவங்க வர மாட்டாங்க.

வேலை தாமதமானதிலும் கொச்சி பேர் வாங்கியது. 2017 கோடையில் பார்வையிட வந்த குழு வெளிப்படையாகவே அதிருப்தி சொல்லிவிட்டு, மே மாதத்தை கெடுவாக வைத்துவிட்டுப் போனது. கடைசியில் எப்படியோ வேலை முடிஞ்சது.

கொல்கத்தா கதையும் இதே தினுசுதான். சால்ட் லேக் ஸ்டேடியம் 1984-ல் திறந்தபோது 1.2 லட்சம் பேர் கொள்ளும் என்றார்கள். 1997-ல் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர். சிமென்ட் படியில் நெருக்கி உட்கார்ந்தால் அத்தனை பேர். 2017-ல் ஆளுக்கு ஒரு பக்கெட் நாற்காலி என்று போட்டதும் இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் 66,684 பேர்தான். அந்த அளவிலேயே அது ஹவுஸ்ஃபுல்.

எல்லாத்தையும் விட கஷ்டமான வேலை: புல்

நாற்காலி, லைட், டிரெஸ்ஸிங் ரூம் எல்லாம் காசு கொடுத்தா வந்துடும். 2017-ல் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் மாலை 5 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இரண்டு ஆட்டம் வைத்தார்கள். அதனால் நாலு அணிக்கும் தனித்தனி டிரெஸ்ஸிங் ரூம் தேவைப்பட்டது. கட்டினார்கள், முடிந்தது. டிவி ஒளிபரப்புக்குச் சுமார் 2,000 லக்ஸ் வெளிச்சம் வேணும், அதாவது ஒரு ஆபீஸ் ரூமில் இருப்பதைப் போல நாலைந்து மடங்கு. கம்பம் நட்டு விளக்கு மாட்டினால் ஆச்சு. புல் அப்படி இல்லை. அது பயிர். அதுக்கு நேரம் வேணும்.

சால்ட் லேக்கில் அதற்கு முன்னால் இருந்தது செயற்கைப் புல். உலகக் கோப்பைக்காக அதைப் பிய்த்தெடுத்துவிட்டு இயற்கைப் புல் போட்டார்கள். என்ன புல் தெரியுமா? பெர்முடா. பேர் ஸ்டைலா இருக்கேன்னு பார்க்காதீங்க. தாவரவியல் பெயரில் அது சைனோடான் டாக்டைலான். நம்ம ஊரில் பிள்ளையாருக்குப் போடும் அருகம்புல்லேதான்! வெயிலையும் மிதியையும் தாங்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

புல் நம்ம வயல் வரப்பிலேயே இருக்கு. அப்புறம் என்ன கஷ்டம்? கீழே இருக்கும் மண்ணில்தான் கஷ்டம்.

சர்வதேச கால்பந்து ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம்ம கணக்கில் ஒன்றே முக்கால் ஏக்கர். ஓரம் சேர்த்தால் இரண்டு ஏக்கர், 8,000 சதுர மீட்டர்னு வச்சுக்கலாம். அந்த இரண்டு ஏக்கரிலும் இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்துட்டு, அடியில் துளை போட்ட குழாய், அதுக்கு மேல ஜல்லி, அதுக்கு மேல சுமார் ஒரு அடி ஆழத்துக்கு மணல். அந்த மணலில்தான் புல் வேர் விடும். சாதாரண மண்ணில் போட்டால் மழை பெய்ததும் சேறாகும், வெயில் அடித்தால் கட்டாந்தரையாகும். மணல்னா எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணி கீழே இறங்கி குழாய் வழியா ஓடிடும்.

8,000 சதுர மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் மணல்னா 2,400 கன மீட்டர். நம்ம ஊர் லோடு கணக்கில் கிட்டத்தட்ட 850 யூனிட். ஆறு யூனிட் டிப்பர்ல அடிச்சா 140 நடைக்கு மேல! காவிரிக் கரையில் மணல் குவாரி பிரச்னையைப் பார்த்து வளர்ந்த மோகனூர், பரமத்திவேலூர் ஆட்களுக்கு இந்த நம்பர் என்னன்னு உடனே புரியும். ஒரே ஒரு ஆடுகளத்துக்கு இது.

அடுத்து தண்ணி. ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினாலும் 40 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் மூணு நடை போதாது, நாலாவது லாரியும் வரணும். சித்திரை, வைகாசியில் சேலம் பக்கம் குடிக்கிற தண்ணிக்கே குடம் வரிசையில் நிக்கிறப்போ, புல்லுக்கு டேங்கர் விட்டா யார் சும்மா இருப்பாங்க? கத்தாரில் இந்தப் பிரச்னைக்காகவே உப்புத் தண்ணியைத் தாங்கும் பாஸ்பலம் என்ற கடலோரப் புல் வகையைப் போட்டார்கள். சுத்திகரித்த கழிவுநீரைப் புல்லுக்கு விடுவதும் உலகம் முழுக்க நடக்கிற வேலை.

புல் சொதப்பினா என்ன ஆகும்? குவாஹாட்டியைக் கேளுங்க

2017 அக்டோபர் 21. குவாஹாட்டி இந்திரா காந்தி ஸ்டேடியத்தில் மாலி, கானா காலிறுதி. பேய் மழை. ஆட்டத்தை நடத்தி முடித்தார்கள், ஆனா ஆடுகளம் நாசம். அதே மைதானத்தில் நாலு நாள் கழித்து பிரேசில், இங்கிலாந்து அரையிறுதி இருக்கு. மழையும் விடவில்லை. ஃபிஃபா இரண்டு நாள் முன்னால் அரையிறுதியை கொல்கத்தாவுக்கு மாற்றிவிட்டது.

அசாமில் பிரேசில் அரையிறுதி என்றால் சும்மாவா? டிக்கெட் வாங்கினவங்க, லீவு போட்டவங்க, பக்கத்து மாநிலங்களில் இருந்து கிளம்பினவங்க எல்லாருக்கும் ஏமாற்றம். டிக்கெட் பணம் திருப்பித் தரப்பட்டது. கொல்கத்தாவில் கடைசி நேரத்தில் விற்ற டிக்கெட்டுக்கே 63 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம் வந்தது. இங்கிலாந்து 3-1 என வென்றது. குவாஹாட்டியில் நாற்காலி சரியாத்தான் இருந்தது, லைட்டும் எரிஞ்சது. ஒரு அரையிறுதியைக் கொண்டுபோனது தரையில் நின்ன தண்ணி.

இந்த விஷயத்தில் அமெரிக்காவுக்கும் தப்பில்லை. 2026-க்காக அங்கே புது ஸ்டேடியம் எதுவும் கட்டவில்லை, அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டேடியங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆனா 16-ல் பாதி இடத்தில் இருந்தது செயற்கைப் புல். அங்கெல்லாம் இயற்கைப் புல் கொண்டுவரணும். சில ஸ்டேடியங்களுக்குக் கூரை இருப்பதால் வெயிலே விழாது. புல்லுக்கு மேலே ராட்சத விளக்கு வைத்து வளர்க்கணும். எந்தப் புல், எத்தனை அங்குலம், எந்த மணல் என்று பார்க்க டென்னசி, மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் வருஷக்கணக்கில் ஆராய்ச்சியே நடந்தது. அருகம்புல்லின் சொந்தக்காரர்களுக்கு வந்த வாழ்வைப் பாருங்க!

டிவியில் வராத மைதானங்கள்

இனி பலரும் கவனிக்காத ஒரு விஷயம். ஃபிஃபா ஒரு ஊருக்குப் போட்டி கொடுக்கும்போது மேட்ச் நடக்கும் ஸ்டேடியத்தை மட்டும் பார்ப்பதில்லை. பயிற்சி மைதானங்களும் அதே தரத்தில் வேணும். நாலு அணி வந்தால் நாலு அணிக்கும் தினமும் பயிற்சி செய்ய இடம் வேணுமே.

கொச்சியில் இதற்காக மகாராஜாஸ் கல்லூரி மைதானம், பனம்பிள்ளி நகர், ஃபோர்ட் கொச்சி பரேடு கிரவுண்ட், வெளி மைதானம் என நாலு இடத்தைத் தயார் செய்தார்கள். புல், வடிகால், விளக்கு எல்லாம் போட்டு. இதில் கல்லூரி மைதானம் இருக்கு, ஊர்ப் பசங்க காலங்காலமா பந்து உதைச்ச திறந்தவெளி மைதானமும் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. பெரிய ஸ்டேடியத்தில் ஊர்ப் பையன் எத்தனை நாள் கால் வைக்க முடியும்? ஐ.எஸ்.எல். மேட்ச், கச்சேரி, மாநாடு. மிச்ச நாள் பூட்டு. பயிற்சி மைதானம் தினமும் காலையும் மாலையும் வேலை செய்யும். ஒரு உலகக் கோப்பையால் ஊருக்குக் கிடைக்கும் உருப்படியான லாபம் எது என்று கேட்டால், எங்கள் பார்வையில் இந்தச் சின்ன மைதானங்கள்தான். ஆனா அங்கேயும் ஒரு கண்டிஷன்: போட்டி முடிஞ்ச பிறகு புல் வெட்ட ஆள், தண்ணி விட மோட்டார், கரண்ட் பில் கட்ட ஒரு அலுவலகம் இருக்கணும். புல்லை விட்டுட்டா ஒரே கோடையில் கதை முடிஞ்சது.

பெரிய ஸ்டேடியங்கள் அப்புறம் என்ன ஆச்சு?

நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம் தப்பிச்சது. அது அடிப்படையில் கிரிக்கெட் மைதானம். கால்பந்து வந்தால் நடுவில் இருக்கும் களிமண் பிட்ச்சை எடுத்துட்டுப் புல், கிரிக்கெட் வந்தால் மறுபடி பிட்ச். 2022-ல் 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி அங்கேதான். 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கியதும் அதே இடம்.

டெல்லி நேரு ஸ்டேடியம் 1982 ஆசிய விளையாட்டுக்குக் கட்டியது. 2010 காமன்வெல்த் போட்டிக்கு சுமார் 960 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்தார்கள். 2025 நவம்பரில் வந்த செய்தி, அதை இடித்துவிட்டு விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டம் பற்றியது. 960 கோடிக்கு ஆயுசு அவ்வளவுதானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சால்ட் லேக்கில் 2025 டிசம்பர் 13-ம் தேதி மெஸ்ஸி வந்தார். அவரைச் சரியாகப் பார்க்கவே முடியாத கோபத்தில் ரசிகர்கள் நாற்காலியைப் பிய்த்து மைதானத்தில் எறிந்தார்கள். கொச்சியில் 2024 டிசம்பர் 29-ல் பிரம்மாண்ட பரதநாட்டிய நிகழ்ச்சி. தற்காலிகமாகப் போட்ட வி.ஐ.பி. மேடையில் இருந்து விழுந்து திருக்காக்கரை எம்.எல்.ஏ. உமா தாமஸ் படுகாயம் அடைந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு படிக்கட்டையும் அளந்து பார்த்த அதே ஸ்டேடியம் இது. ஃபிஃபா ஆட்கள் போனதும் அளவு நாடாவும் போயிடுச்சு. 2025 நவம்பரில் அர்ஜென்டினா அணி கொச்சிக்கு வரும்னு சொல்லி மறுபடி அங்கே பராமரிப்பு வேலை ஆரம்பிச்சாங்க. அர்ஜென்டினா அந்த நவம்பரில் வரவில்லை.

வெளிநாட்டிலும் இதே பாட்டுதான். பிரேசில் 2014-க்காக அமேசான் காட்டு நகரமான மனாஸில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் ஸ்டேடியம் கட்டினார்கள். உலகக் கோப்பையில் அங்கே நடந்தது நாலே ஆட்டம். தலைநகர் பிரேசிலியாவில் ஸ்டேடியத்தின் பார்க்கிங் இடம் பஸ் நிறுத்துமிடமாக மாறியது.

கத்தார்: நம்ம ஆட்கள் கட்டியது

கத்தாரில் எட்டு ஸ்டேடியங்கள். 1976-ல் கட்டிய கலீஃபா ஸ்டேடியத்தைப் புதுப்பித்தார்கள், மற்ற ஏழும் புதுசு. அதில் ஒன்று 974 கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டியது. பெயரே '974 ஸ்டேடியம்', அந்த நாட்டின் தொலைபேசி கோடும் அதுதான். போட்டி முடிந்ததும் கழற்றி எடுத்துவிடலாம் என்பதுதான் ஐடியா. லாரி பாடி கட்டும் நாமக்கல்காரர்களுக்கு அந்த போல்ட்-நட்டு ஐடியா ரொம்பப் பிடிக்கும். ஆனா உடனே கழற்றவில்லை. 2024 டிசம்பரில் கூட அங்கே மேட்ச் நடந்தது.

இந்தக் கட்டுமானத்துக்கு மனிதர்கள் கொடுத்த விலை என்ன என்பதில் இன்றுவரை சண்டை. கத்தாருக்கு உரிமை கிடைத்த 2010-க்குப் பிறகான பத்து வருஷத்தில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தானைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்ததாக 2021-ல் கார்டியன் பத்திரிகை எழுதியது. அதில் இந்தியர்கள் 2,711 பேர், இலங்கையர் 557 பேர். இது ஸ்டேடியத்தில் வேலை செய்தவர்கள் மட்டுமில்லை, எல்லா வேலையிலும் எல்லாக் காரணத்தாலும் இறந்தவர்களின் கணக்கு. சமூக வலைதளங்களில் 'ஸ்டேடியம் கட்டும்போது 6,500 பேர் பலி' என்று சுற்றுவது அதனால் தவறு. ஸ்டேடியம் வேலையின்போது நேர்ந்த மரணம் மூன்றுதான், ஸ்டேடியத் தொழிலாளர்களில் வேறு காரணத்தால் இறந்தவர்கள் 37 பேர் என்று கத்தார் அமைப்புக் குழு சொன்னது. அந்தக் குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல் தவாதியே 2022 நவம்பரில் ஒரு பேட்டியில், உலகக் கோப்பை தொடர்பான எல்லா வேலைகளையும் சேர்த்தால் 400 முதல் 500 என்றார். மூன்றுக்கும் 400-க்கும் நடுவில் எத்தனை இடைவெளி பாருங்க. பல மரணங்கள் 'இயற்கை மரணம்', 'மாரடைப்பு' என்றே பதிவானதால் வெயிலால் செத்தாரா, வேலையால் செத்தாரா என்பது தெரியாமலே போனது.

முதலாளி அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாத கஃபாலா முறையை 2020-ல் கத்தார் தளர்த்தியது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். உலகம் முழுக்க எழுந்த நெருக்கடி இல்லாமல் இது நடந்திருக்காது. 2034 உலகக் கோப்பை சவுதி அரேபியாவுக்குப் போயிருக்கு. அங்கே புது ஸ்டேடியங்கள் வரப்போகுது. வளைகுடா விசாவுக்கு ஏஜென்ட் வாசலில் நிக்கிற நம்ம பசங்க வீட்டில் இந்த எண்களைத் தெரிஞ்சு வச்சுக்கணும்.

சரி, தமிழ்நாட்டில் நடக்குமா? சேலத்தில்?

சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியம் 1993-ல் நேரு கோப்பை சர்வதேச கால்பந்துப் போட்டிக்காகவே அவசர அவசரமாகக் கட்டி முடித்தது. சுமார் 40 ஆயிரம் பேர் அமரலாம். சென்னையின் எஃப்.சி. ஆடும் இடம். ஆடுகளத்தைச் சுற்றி 400 மீட்டர் ஓட்டப்பாதை இருப்பதால் ரசிகர் தூரத்தில் இருந்துதான் பார்க்கணும். அதனால் ஒரு பெரிய போட்டி வந்தால் முதலில் சென்னைதான்.

சின்ன ஊர்களுக்கு வழியே இல்லையா என்றால், ஹாக்கி காட்டியிருக்கு. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள். மதுரையில் அதற்கென்றே புது ஹாக்கி அரங்கம். சென்னைக்கு வெளியே ஒரு தமிழ்நாட்டு ஊரில் உலகக் கோப்பை நடக்கும்னு பத்து வருஷம் முன்னால் சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம்.

ஆனா கால்பந்து உலகக் கோப்பைன்னா கேலரியே வேற அளவு. பெரியவர்கள் உலகக் கோப்பையில் லீக் ஆட்டத்துக்கே 40 ஆயிரம் இருக்கை கேட்பார்கள். அரையிறுதிக்கு 60 ஆயிரம், இறுதிக்கு 80 ஆயிரம். சேலம் மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்புப்படி 8 லட்சத்து சொச்சம் பேர். 40 ஆயிரம் இருக்கை போட்டால் இருபது பேருக்கு ஒரு நாற்காலி. உலகக் கோப்பை போன பிறகு அதை யார் நிரப்புவாங்க? மனாஸ் கதைதான்.

சேலத்தில் காந்தி ஸ்டேடியம் இருக்கு. வாழப்பாடியில் 2020 பிப்ரவரியில் திறந்த கிரிக்கெட் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்களும் நடந்திருக்கு. கால்பந்துக்கு நேர்மையான பதில்: உலகக் கோப்பை ஆட்டம் சேலத்துக்கு வராது. வரலாம் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டிட்டு வீட்டுக்கு வந்துடலாம். ஆனா சென்னையிலோ கொச்சியிலோ பெரிய போட்டி நடந்தால், முன்கூட்டியே வந்து தங்கிப் பயிற்சி எடுக்க அணிகளுக்கு நல்ல புல்லும் அமைதியும் உள்ள ஊர் தேவைப்படும். அதுக்குத் தேவையானது அந்த இரண்டு ஏக்கர் மைதானம்தான்.

தமிழ்நாடு அரசு சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று என தலா 3 கோடி ரூபாயில் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கத் திட்டத்தை அறிவித்திருக்கு. 234 தொகுதி என்றால் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மட்டும் 17 மைதானம். இதில் எத்தனை ரூபாய் நுழைவு வாயில் வளைவுக்கும் கேலரிக் கூரைக்கும் போகும், எத்தனை ரூபாய் தரைக்கு அடியில் போகும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. உங்க தொகுதியில் வேலை ஆரம்பிச்சா போய்ப் பார்த்துக் கேட்கலாம். மழை பெய்தால் ஆடுகளத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? அடியில் குழாய் போட்டாச்சா? புல்லுக்குப் போர்வெல்லா, சுத்திகரித்த தண்ணியா? புல் வெட்டும் மெஷினுக்கும் அதை ஓட்டும் ஆளுக்கும் மாதச் சம்பளம் எந்தக் கணக்கில் வரும்? சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கேட் திறந்திருக்குமா, சாவி யாரிடம்?